வழியில் இருக்கும் மூன்று பேர்

கையெழுத்தம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. உட்கார வேண்டும்.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருபத்தாறு வருடம் பஸ்ஸில் நின்று, பஸ் நிலையத்தில் நின்று, முன்பின் தெரியாதவர்களின் வாசலில் நின்று வேலை பார்த்த ஒருத்திக்கு வேறு என்ன ஆசை வரும்? பெற்றோர் இல்லாத பிள்ளைகளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கூட்டிப்போய் விடுவது அவர் வேலை. அலுவலகத்தில் அதற்கு ஒப்படைப்பாளர் என்று பெயர். பொட்டலம் கொண்டுபோகிறவருக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், பொட்டலம் பாதி வழியில் வாந்தி எடுக்காது. வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் சீட்டை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்பார். அதனால் நாங்கள் வைத்த பெயர் கையெழுத்தம்மா. நேரில் மேடம்.

நாங்கள் என்றால் நான், என் தம்பி, என் தங்கை. எனக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் வீட்டில் மிச்சமிருந்தவர்களில் நான்தான் மூத்தவள் என்பதால் எல்லோரும் பெரியவள் என்பார்கள். தம்பிக்குப் பதினொன்று. எதைச் சொன்னாலும் "அது எங்க எழுதியிருக்கு?" என்று கேட்பான், அதனால் வக்கீல். தங்கைக்கு ஆறு. அவள் பொடிசு.

எங்கள் அப்பா தீயணைப்புக் கருவி விற்கும் கடை வைத்திருந்தார். அந்தக் கடை தீப்பிடித்து எரிந்தது. அப்பா, அம்மா இருவரும் உள்ளே இருந்தார்கள். இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் ஒரு நொடி உதட்டைக் கடித்துக்கொள்வதை நான் ஆயிரம் தடவை பார்த்துவிட்டேன். துக்கமான விஷயம்தான், ஆனால் சிரிப்பும் வந்து தொலைக்கிறது. அதை மறைக்க எங்கள் தலையைத் தடவுவார்கள். எனக்கு அந்தக் கையைக் கடிக்கலாம் போல இருக்கும்.

முதலில் எங்களைப் பெரியப்பா தலையில் கட்டினார்கள். ஐந்தாவது வாரம் அவர் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி கூரையைப் பொத்துக்கொண்டு கட்டில்மேல் வந்து விழுந்தது. நல்லவேளை, பெரியப்பா குளியலறையில் இருந்தார். தொட்டிக்கு முப்பது வயது, நாங்கள் வந்து முப்பத்துமூன்று நாள். ஆனாலும் பெரியம்மா தொட்டியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். "இதுங்க வந்த நேரம்" என்றார். அன்று பொடிசு பொம்மை கேட்டு அழுதுகொண்டிருந்தாள். தொட்டி விழுந்த சத்தத்தில் அழுகையை நிறுத்தியவள்தான், அப்புறம் வெகுகாலம் அழவே இல்லை.

அடுத்தது அத்தை வீடு. அத்தை பல் செட் செய்கிறவர். வீடு முழுக்கக் கண்ணாடித் தம்ளர்களில் பற்கள் சிரித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது மாதம், மேல்வரிசைப் பல் கட்டிக்கொள்ள வந்த ஒரு பெண்ணோடு மாமா கம்பி நீட்டிவிட்டார்.

"அதுக்கும் நாங்கதான் காரணமா?" என்று வக்கீல் கேட்டான்.

அத்தை அவனைப் பளீரென்று அறைந்தார். பிறகு அவனையே கட்டிக்கொண்டு அழுதார். மறுநாள் காலை கையெழுத்தம்மா வாசலில் நின்றார்.

மூன்றாவதாகப் போனது அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக்கு. அந்த மாமா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர், அதனால் லிஃப்ட்டில் கால் வைக்க மாட்டார். ஒன்பது மாடி என்றாலும் படிதான். அவர் எங்களை ஒரு வார்த்தை திட்டியதில்லை. பொடிசுக்குத் தலை வாரிப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார், அதுவும் கோணலாக. அங்கே ஒன்பது மாதம் இருந்தோம். ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் ஆறாவது மாடிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லிஃப்ட் அன்றைக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்ததாம். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அழுகை வருகிறது.

அதோடு எங்கள் நல்ல பெயர் முடிந்தது. ராசி கெட்ட பிள்ளைகள் என்று ஆகிவிட்டது. தெரிந்தவர்கள் எங்களைக் கண்டால் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

மூன்று தடவை திரும்பி வந்த உடன்பிறப்புகளைப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு விதி. மேலதிகாரிக்கு அன்று சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே எங்கள் எதிரிலேயே சொன்னார். "மூணு பேரை மொத்தமா யாரு எடுத்துப்பா? தனித்தனியாக் குடுத்தாப் போயிடும்."

மூன்று சீட்டு எழுதினார்கள். பொடிசு, குழந்தையில்லாத ஒரு கணவன் மனைவிக்கு. வக்கீல், தெற்கே ஒரு தொழிற்பள்ளி விடுதிக்கு. நான், வடக்கே தையல் சொல்லித்தரும் ஒரு பெண்கள் இல்லத்துக்கு. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு முழு நாள் பஸ் பயணம். கடிதம் போடலாம் என்றார்கள். பொடிசுக்குப் படிக்கத் தெரியாது என்று நான் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று நாளில் மூன்று பேரையும் சேர்த்துவிட்டு வருவது கையெழுத்தம்மாவின் கடைசி ஒப்படைப்பு. அதற்குப் பிறகு அவருக்கு விசாரணை ஜன்னலில் வேலை. பஸ்ஸில் போகும்போது அந்த வேலைக்கான உத்தரவை எடுத்து எங்களிடம் காட்டினார். அவர் பல்லை நாங்கள் பார்த்தது அன்றுதான்.

"மெத்தை போட்ட நாற்காலி. தலைக்கு மேல ஃபேன். இனிமே வர்றவங்கதான் நிக்கணும்."

"இதுல ஒரு நிபந்தனை இருக்கே மேடம்" என்றான் வக்கீல். உத்தரவைக் கடைசி வரி வரை படித்துவிட்டான். "கையில ஒப்படைக்காத பிள்ளை ஒண்ணுகூட இருக்கக் கூடாதாம்."

"நாளன்னிக்கு இருக்காது" என்றார் அவர்.

பொடிசு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னிடமிருந்து அவளைப் பிடுங்கப் போகிறார்கள் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஒவ்வொரு நிறுத்தத்தில் நிற்கும்போதும் இன்னும் கொஞ்சம் நின்றால் என்ன என்று இருந்தது.

அந்தக் கணவன் மனைவி கெட்டவர்களாக இருந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். நல்லவர்கள். வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. பொடிசுக்குத் தனி அறை, சின்னக் கட்டில், அலமாரி நிறைய பொம்மைகள். அறைக் கதவில் வண்ண வண்ணமாக ஒரு பெயர் எழுதியிருந்தார்கள். அது அவள் பெயர் இல்லை.

அந்த அம்மாள் மண்டியிட்டு உட்கார்ந்து பொடிசின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இனிமே இதுதான் உன் பேரு கண்ணு. பழசு எல்லாம் மறந்துடணும். அக்கா, அண்ணன் யாரும் கிடையாது. நாம மூணு பேர்தான். சரியா?"

பொடிசு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். வீடு அதிரக் கத்தப்போகிறாள், கடிக்கப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். நானும் சேர்ந்து கத்தத் தயாராக இருந்தேன்.

"சரி" என்றாள். "நான் அழ மாட்டேன். அழுதா தொட்டி விழுந்துடும்."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்தார். அவர் கணவர் கையெழுத்துப் போட மேஜைமேல் இடம் ஒதுக்கினார். கையெழுத்தம்மா சீட்டை விரித்து, நேரம் எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்தார். வைத்தவர் வைத்தபடியே நின்றார். சுவரிலிருந்த கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"பேனா எழுதல" என்றார்.

"என்கிட்ட இருக்கே" என்று அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"ஆபீஸ் பேனாலதான் போடணும்."

"அப்படி ஒரு விதியா?"

"பின்பக்கம், அஞ்சாவது பத்தி" என்றான் வக்கீல். எழுதாத ஒன்றை எழுதியிருக்கிறது என்று அவன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அவன் முகம் பச்சைத் தண்ணீர் போல அசையாமல் இருந்தது. அந்த மனிதர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பொடி எழுத்தில் பதினெட்டுப் பத்தி. பெருமூச்சு விட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிப் பொடிசின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார் கையெழுத்தம்மா.

தெருமுனை வரை நடந்தோம். நான் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்ன பாக்குற?" என்று எரிந்து விழுந்தார். "கால் வலிக்குது. இன்னிக்கு இதுக்கு மேல என்னால முடியாது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அந்த நாளை வர நான்கு வருடம் ஆயிற்று.

அவர் எங்களைக் காப்பாற்றினார் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். "காப்பாத்தவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அலுப்பு" என்பார். அதில் பாதி உண்மை. அன்று சாயங்காலம் எங்களை அவர் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது, மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் ஐந்து இடத்தில் நின்றார். ஒரு அறை, ஒரு சமையலறை. ஒரு கட்டில், அதில் அவர் படுத்துக்கொண்டார். தரையில் நாங்கள் மூவரும் வரிசையாகப் படுத்தோம். "காலைல முதல் பஸ்" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

காலையில் எழுந்து, "பேனா வாங்கிட்டு வர்றேன்" என்று போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கையில் பேனா இல்லை. பல் துலக்கும் பிரஷ் மூன்று இருந்தது.

ஒப்படைப்புக்குப் போனவர்கள் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். அங்கே ஒரு எழுத்தர் கரும்பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதி வைத்திருப்பார். சேர்த்தாயிற்று என்றால் அழித்துவிடுவார். இல்லையென்றால், வழியில் என்று சாக்பீஸால் எழுதுவார். வீட்டுக்குக் கீழே இருந்த சைக்கிள் கடையில் போன் உண்டு. கையெழுத்தம்மா முதல் நாள் அங்கிருந்துதான் பேசினார்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"வழியில."

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. பத்தாவது நாள் கையெழுத்தம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. சீட்டுகளை மேஜைமேல் பரப்பி வைத்து, தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வக்கீல் சீட்டைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தை முழுசாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"மேடம், பதினோராவது பத்தி. வழியில இருக்கிற பிள்ளைங்களுக்கு, அவங்க போய்ச் சேர்ற வரைக்கும், வேற உத்தரவு போடக் கூடாதாம்."

"ஆமா" என்றார் அவர் நிமிராமல். "முன்ன ஒரு தடவ ஒரே பையனுக்கு ரெண்டு உத்தரவு வந்துடுச்சு. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு ஒப்படைப்பாளர் ஆளுக்கு ஒரு கையப் பிடிச்சு இழுத்தாங்க. அதுக்கப்புறம் போட்ட விதி." கொஞ்ச நேரம் கழித்து, "அதுல ஒரு கை என்னோடது" என்றார்.

"எத்தன நாளுக்குள்ள போய்ச் சேரணும்னு எங்கயும் எழுதல" என்றான் வக்கீல்.

கையெழுத்தம்மா அவன் கையிலிருந்து சீட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அவரே ஒரு முறை படித்தார். எழுதவில்லைதான். எந்த ஒப்படைப்பாளருக்கும் அப்படி ஒரு ஆசை வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இப்படித்தான் நாங்கள் போய்ச் சேராதவர்கள் ஆனோம். கேட்க ஜாலியாக இருக்கும். இருந்து பார்த்தால் தெரியும். பிரயாணம் செய்துகொண்டிருக்கிறவர் ஊருக்குள் நடமாட முடியாது. அலுவலகம் இருந்த தெருவில் நான்கு வருடம் அவர் கால் வைக்கவில்லை, மருந்துக்கடைக்குக்கூட நான்கு தெரு சுற்றிப் போனார். மாதக் கடைசியில் பயண டிக்கெட்டுகளை ஒட்டி அனுப்ப வேண்டும். அதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் நான்கு பேரும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, அது போகும் கடைசி ஊர் வரை போய், இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருவோம். நான்கு வருடத்தில் இருநூறு ஊர் பார்த்திருப்பேன். எல்லா ஊரிலும் நான் பார்த்தது பஸ் நிலையத்துக் கழிப்பறை. பொடிசுக்கு வாந்தி, வக்கீலுக்குத் தலைவலி, கையெழுத்தம்மாவுக்கு முழங்கால். பஸ்ஸில் இடம் கிடைத்தால் பொடிசை உட்காரவைத்துவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பள்ளிக்கூடத்தில் எங்களைத் தற்காலிகம் என்று சேர்த்தார். ஒவ்வொரு பருவமும் தலைமை ஆசிரியை, "எப்போ கிளம்புறீங்க?" என்று கேட்பார். "அடுத்த வாரம்" என்பார் இவர். தற்காலிகப் பிள்ளைகளுக்கு வகுப்புப் புகைப்படத்தில் இடம் இல்லை. பொடிசு அதற்கு மட்டும் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பொடிசை எடுக்கவிருந்த கணவன் மனைவி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார்கள். பலகையைக் காட்டி, வழியில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் பொறுத்துவிட்டு வேறு ஒரு கைக்குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். நன்றாக இருக்கட்டும். விடுதியும் தையல் இல்லமும் எங்களைக் கேட்கவே இல்லை.

மேலதிகாரிகள் வருடத்துக்கு ஒருவராக மாறினார்கள். இரண்டாவது வருடம் கரும்பலகைக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். எங்கள் மூன்று வரியும் மாறுவதே இல்லை என்பதால் சாயம் அடிக்க வந்தவர் அவற்றை மட்டும் வெள்ளைப் பெயிண்டால் எழுதிவிட்டார். எழுத்தர் இதைப் போனில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த எழுத்தருக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைக்கிறேன். ஒருநாள் இங்கே கொட்டோ கொட்டென்று மழை.

"அங்கயும் மழையாம்மா?" என்று கேட்டாராம்.

"ஆமா சார். வழியெல்லாம் மழை."

"ஜன்னலைச் சாத்தி வைங்க. பிள்ளைங்களுக்குச் சளி பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாராம்.

ஒரு சனிக்கிழமை நன்றாக மாட்டிக்கொண்டோம். புதிதாக வந்திருந்த மேலதிகாரி அதே பஸ்ஸில் ஏறி எங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கையெழுத்தம்மாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டார். கையெழுத்தம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"நம்ம ஆபீஸா? பிள்ளைங்கள ஒப்படைக்கவா போறீங்க?"

"ஆமா சார்."

"உங்க பேரைப் பலகையில பாத்திருக்கேனே. ரொம்ப நாளா வழியிலயே இருக்கீங்க போல?"

"ரோடு சரியில்ல சார்."

அவர் தீவிரமாகத் தலையை ஆட்டினார். "நான் சாலைத் துறைக்கு எழுதுறேன்" என்றார். இறங்கும்போது பொடிசுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, புது வீட்டில் சமர்த்தாக இருக்க வேண்டும் என்று புத்தி சொன்னார். உண்மையிலேயே எழுதியும் இருக்கிறார். எட்டு மாதம் கழித்து, சம்பந்தப்பட்ட சாலை பழுது பார்க்கப்பட்டு வருகிறது என்று பதில் வந்ததாக எழுத்தர் சொன்னார்.

விசாரணை ஜன்னல் நாற்காலி முதல் வருடமே வேறொருவருக்குப் போய்விட்டது. அன்று கையெழுத்தம்மா அந்த உத்தரவை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினார். மேஜை ஆடுவது நின்றது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "எங்களால உங்களுக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு. உங்க ராசி எனக்கும் ஒட்டிக்கிச்சுன்னு சொல்ல வர்றியா? எனக்கு ஏற்கெனவே நல்ல ராசி கிடையாது. அரிசியைக் கழுவு."

எங்களிடம் கொஞ்சிப் பேசியதே இல்லை. ஒரு தடவை பொடிசு அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டுவிட்டாள். "உறவு சொல்லிக் கூப்பிடாத" என்றார். "உறவுன்னு சொன்னவங்க வாசல்ல இருந்தெல்லாம் உங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்தது நான்தான். மேடம்னே சொல்லு." பொடிசு சரி என்றாள். ஆனால் அன்றிலிருந்து, எங்களைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லி, கட்டிலை ஒட்டியே படுத்துக்கொண்டாள். அவர் கை தூக்கத்தில் கீழே தொங்கும். இவள் அதன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். பிடித்திருப்பது தனக்குத் தெரியாது என்பது போல அவர் காலை வரை கையை அசைக்க மாட்டார்.

மூன்றாவது வருடம் ஒருநாள் அவள் அழுதாள். எதற்கு என்று நினைவில்லை, விரலில் கதவு நசுங்கியதோ என்னவோ. அழ ஆரம்பித்துவிட்டு, டக்கென்று வாயைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தாள். கையெழுத்தம்மாவும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம். ஒன்றும் விழவில்லை.

"அழு" என்றார். "நல்லா அழு. விழுந்தா நான் பாத்துக்கிறேன்."

பொடிசு ஒரு மணி நேரம் அழுது தீர்த்தாள். மூன்று வீட்டுக்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பதினெட்டு முடிந்த அன்று காலை, கையெழுத்தம்மா தலை வாரி, வேலைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு மேஜை எதிரில் நின்றார். நான் அப்போது ஒரு சலவை நிலையத்தில் துணி பிரிக்கும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பதினெட்டு வயதும் ஒரு வேலையும் இருந்தால், கூடப் பிறந்தவளே பிள்ளைகளைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொள்ளலாம். ஏழாவது பத்தி. வக்கீல் இரண்டு வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் எங்களைப் பிரிக்க முடியாது.

என் சீட்டை அவர் கிழித்துப் போட்டார். நான் இனிமேல் பிள்ளை இல்லையாம். மற்ற இரண்டையும் விரித்தார்.

"பெற்றுக்கொள்பவர் உறவு?"

"அக்கா."

"முகவரி?"

நான் திருதிருவென்று விழித்தேன். எனக்கு ஏது முகவரி?

"இந்த வீட்டையே எழுது" என்று சொல்லிப் பேனாவைக் கொடுத்தார். பிறகு விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு கையெழுத்து."

என் பெயர் கோணல்மாணலாக வந்தது. இரண்டாவதிலும் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினார். சீட்டுகளை மடித்துப் பையில் வைத்தார். பையைத் தோளில் மாட்டினார், செருப்பைப் போட்டார், வெளியே போனார். படியில் இறங்கும் சத்தம் கேட்டது.

எழுத்தருக்குப் போன் செய்யப் போகிறார் என்று நினைத்தோம். பொடிசு கைதட்டிக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி ஓடினாள். வக்கீல் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான்.

"சைக்கிள் கடையைத் தாண்டிப் போறாங்களே" என்றான்.

மூவரும் எட்டிப் பார்த்தோம். தெருவில் நேராக நடந்து போனார். திரும்பிப் பார்க்கவே இல்லை. பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். ஒரு பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நடத்துநர் ஏதோ கேட்டார். இவர் காலைக் கீழே எடுத்துக்கொண்டார். பஸ் போய்விட்டது. அவர் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையெழுத்து விழுந்த அடுத்த நொடி கிளம்பிவிடுவது முப்பது வருடப் பழக்கம். ஒப்படைப்பாளர்கள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். வாசலில் திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். அவர் கால்கள் பழக்கத்தில் கிளம்பிப் போய்விட்டன. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. ஒப்படைத்தது அவர் வீட்டில்.

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று பொடிசு ஓடினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டால், பயம்தான். அவருக்கு நான்கு வருட அலுப்பு. எங்களைச் சேர்த்தாயிற்று, இனிமேல் எங்கேயாவது போய் நிம்மதியாக இருக்கலாம் என்று அவர் நினைத்தால், வராதே என்று சொல்ல நான் யார்? வேண்டும் என்றால் அவராக வரட்டும். வராவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று பஸ் போயிற்று. நாலாவது பஸ் வருவதற்கு முன் அவர் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

படியில் ஏறும் சத்தம் கேட்டது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறினார். ஐந்து முறை நின்றதை மூவரும் எண்ணினோம். கதவு தாழிடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. அவர் தள்ளவில்லை. தட்டினார்.

நான் போய்த் திறந்தேன். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். ஒவ்வொரு புது வீட்டு வாசலிலும் நாங்கள் அப்படித்தான் நின்றோம். உள்ளே கூப்பிடுவார்களா, எந்த முகத்தோடு கூப்பிடுவார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் அவர் நின்றிருப்பார்.

"உள்ள வரலாமா?" என்றார்.

நான் கதவை இன்னும் அகலமாகத் திறந்தேன். பொடிசு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, "பெரியம்மா, சீக்கிரம் வாங்க, டீ ஆறுது" என்றாள். டீ யாரும் போட்டிருக்கவில்லை.

அவர் அவளைத் திருத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.